புறணியும் புகாரும்

ஊரில் நாலு பேர் கூடினால் நகராட்சி அலுவலகத்தைப் பற்றிய பேச்சு எழாமல் இருப்பதில்லை. வீட்டு வரைபட ஒப்புதலுக்கு இவ்வளவு, சொத்து வரியில் பெயர் மாற்ற இவ்வளவு, குடிநீர் இணைப்புக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலே வாசிப்பார்கள். கேட்பவர் தலையசைப்பார், சொன்னவர் பெருமூச்செறிவார். பேச்சு அத்துடன் முடியும். மறுநாள் அதே மேசையருகே அதே கை நீளும்.

இத்தகைய பேச்சைப் பொதுநல அக்கறை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் இது புறணியேயன்றி வேறல்ல. புறணி சொல்பவர் எதற்கும் பொறுப்பேற்பதில்லை. பேசப்படுகிறவருக்கு மறுமொழி கூற வாய்ப்புமில்லை. புகார் அப்படிப்பட்டதன்று. அதில் சொல்பவரின் பெயரும் கையொப்பமும் இருக்கும். விசாரிக்கும் அதிகாரம் உடையவரிடம் அது சேரும். குற்றஞ்சாட்டப்பட்டவரும் தம் பக்கத்தைச் சொல்ல இடமிருக்கும்.

“பிறர் குறையை வெளிப்படுத்துவது எட்டாம் கட்டளைக்கு விரோதமல்லவா?” என்று நல்மனத்தோர் சிலர் தயங்குவதுண்டு. காரணமின்றிப் பிறர் பெயரைக் கெடுப்பதே பாவம். பொதுமக்களுக்கு இழைக்கப்படும் தீங்கைத் தடுக்கும் பொருட்டு, அறிந்ததை அறிந்த அளவிலே, உரியவரிடம் சொல்வது கடமை. ஆயின் ஐயத்தை ஐயமென்றும், கண்டதைக் கண்டதென்றும் பிரித்துச் சொல்லும் நேர்மை வேண்டும்.

இனி, எதை யாரிடம் சொல்வது? முறைகேடுகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. மூன்று வகையாக அவற்றைப் பிரித்துக்கொள்வது நலம்.

முதலாவது, காலதாமதமும் அலட்சியமும். மனு மாதக்கணக்கில் கிடப்பது, மரியாதையின்றிப் பேசுவது போன்றவை. இவற்றை அலுவலகத்தின் தலைமை அதிகாரியான ஆணையரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு அளிக்கலாம். மனு பெற்றதற்கான ஒப்புகைச் சீட்டைப் பெறாமல் வீடு திரும்பலாகாது.

இரண்டாவது, கணக்கிலும் ஒப்பந்தத்திலும் எழும் ஐயம். போடாத சாலைக்குப் பணம் வழங்கப்பட்டதோ, மாமன்ற உறுப்பினர் ஒருவர் வேறு பெயரில் தாமே ஒப்பந்தம் எடுத்தாரோ என்று தெருவில் பேச்சு எழலாம். தாம் உறுப்பினராயிருக்கும் மன்றத்தின் ஒப்பந்தத்தில் தாமே ஆதாயம் கொள்வதை உள்ளாட்சிச் சட்டங்கள் நெடுங்காலமாகவே விலக்கி வைத்துள்ளன. ஆயினும் பேச்சு ஆதாரமாகாது. இங்கே நமக்குத் துணையாக வருவது 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய்க் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால், 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும். “ஏன் இப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்பதால் பயனில்லை. பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், பணம் வழங்கிய பட்டியலின் நகல் என்று ஆவணங்களைக் கேட்க வேண்டும். விடை வராவிடில் மேல்முறையீடு உண்டு. அதற்கும் பயனில்லையேல் மாநிலத் தகவல் ஆணையம் உண்டு. கையில் வந்த தாளைத் தெருவில் உள்ள சாலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், ஐயம் உறுதிப்படும், அல்லது நீங்கிவிடும். நீங்கினால் அதுவும் நன்றே. ஒரு மனிதரின் நற்பெயர் காப்பாற்றப்பட்டதல்லவா?

மூன்றாவது, நேரடியாக இலஞ்சம் கேட்பது. இதற்கென்றே தமிழகத்தில் 1964 முதல் இயங்கி வருவது ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம். மாவட்டங்களில் இதற்குப் பிரிவு அலுவலகங்கள் உள்ளன. பணம் கேட்கப்பட்டவர் அதைக் கொடுக்கும் முன்பே அங்குச் சென்று புகார் தர வேண்டும். அதன்பின் நடப்பதை நம்மவர் பலர் செய்தித்தாளில் படித்திருப்பர். ரூபாய் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, அவற்றின்மீது பினாப்தலீன் என்னும் வெண்பொடியைத் தடவுவார்கள். சாட்சிகள் உடனிருப்பார்கள். பணம் கைமாறியபின், வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் தோய்த்தால் நீர் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நீர் முத்திரையிடப்பட்டு ஆய்வகம் செல்லும்.

இங்கே குடும்பத் தலைவர்கள் மறவாதிருக்க வேண்டியது ஒன்றுண்டு. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபின், இலஞ்சம் வாங்குவோர் மட்டுமன்றிக் கொடுப்போரும் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு உரியவராகின்றனர். கட்டாயத்தின்பேரில் கொடுக்க நேர்ந்தவர், கொடுத்த 7 நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவருக்குக் குற்றமில்லை. முன்கூட்டியே தெரிவித்து, விசாரணைக்கு உதவியாகப் பணம் கொடுப்பவருக்கும் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. ஆகவே, “காரியம் முடிந்தால் போதும்” என்று வாய்மூடி இருப்பவர், தாம் அறியாமலேயே குற்றவாளியின் வரிசையில் நிற்கிறார்.

புகாரில் விவரம் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு டெல்லி வழக்கொன்று சான்றாகும். ஒரு கடைக்கு மின்சார மீட்டர் பொருத்த 2000-ஆம் ஆண்டில் இலஞ்சம் கேட்கப்பட்டதாக எழுந்த வழக்கு அது. சாட்சி சொல்லும் முன்பே புகார் கொடுத்தவர் இறந்துபோனார். 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, புகார்தாரர் இறந்தாலும் பிறழ்சாட்சியாக மாறினாலும், பிற சாட்சியங்களைக் கொண்டு குற்றத்தை மெய்ப்பிக்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2023 மார்ச்சில் அதே வழக்கை ஆராய்ந்தபோது, இலஞ்சம் கேட்டது போதிய அளவில் மெய்ப்பிக்கப்படவில்லை எனக் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. பணம் கையிலிருந்தது என்பது மட்டும் போதாது. அது கேட்டு வாங்கப்பட்டது என்பதும் நிலைநாட்டப்பட வேண்டும். எனவே கேட்கப்பட்ட அன்றே, எந்த நாள், எந்த நேரம், எந்த அறை, என்ன சொல், உடனிருந்தவர் யார் என்று வீட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது அறிவுடைமை.

மொட்டைக் கடிதத்தை நாம் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை. பெயரற்ற கடிதம் பெரும்பாலும் குப்பைக் கூடைக்கே போகும். நேர்மையானவரைப் பழிவாங்கவும் அது பயன்படும். பொய்யென்று தெரிந்தே புகார் கொடுப்பதோ தண்டனைக்குரிய குற்றம்.

ஆயினும் பெயர் சொல்வதில் ஆபத்தே இல்லையென்று கூறினால் அது உண்மையாகாது. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்திற்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே, தம் பெயரை இரகசியமாக வைக்குமாறு வேண்டியிருந்தார். பெயர் காக்கப்படவில்லை. 2003 நவம்பரில் கயா நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-இல் நிறைவேறியும், ஆண்டுகள் பல கடந்தும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடந்தது.

ஆகவே தனியொருவரை முன்னே தள்ளிவிட்டு மற்றவர் வேடிக்கை பார்ப்பது நியாயமன்று. ஒரு கைம்பெண் வரி ரசீதுக்காக அலைந்தால், அண்டை வீட்டார் இருவர் உடன் செல்லட்டும். மனு எழுதத் தெரியாதவருக்குப் படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். தெருவினர் பதின்மர் கையொப்பமிட்ட மனுவை அலட்சியம் செய்வது எளிதன்று. நகல்களைப் பலர் வீட்டில் வைத்திருப்பதும் பாதுகாப்பே.

நம் குடும்பங்களில் நகராட்சியில் பணிபுரிவோரும் உள்ளனர். அவர்களுள் கை நீட்டாத நல்லவர் பலர், மற்றவர் செய்யும் பிழையால், “அந்த ஆபீசில் எல்லாருமே அப்படித்தான்” என்ற பழியைச் சுமக்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் அச்சொல்லைக் கேட்கின்றனர். புறணி எல்லாரையும் ஒரே சேற்றில் தள்ளுகிறது. பெயரும் நாளும் குறித்த புகாரோ, குற்றமுள்ளவரைச் சுட்டி, குற்றமற்றவரை விடுவிக்கிறது. அடுத்த முறை தெருமுனையில் இப்பேச்சு எழும்போது, “யார், என்று, எவ்வளவு?” என்று கேட்போம். விடை சொல்பவர் இருந்தால், தாளும் பேனாவும் எடுத்து அவருடன் அமர்வோம். விடை இல்லையெனில், அப்பேச்சை அங்கேயே நிறுத்துவோம்.