பிள்ளைகள் கையில் செல்போன்: கருத்து வேறுபாடே இல்லாத இரண்டு விஷயங்கள்

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களில் இன்று செல்போன் அன்றாடத் தேவையாகிவிட்டது. கடலுக்குப் போகுமுன் காற்றும் அலையும் பார்க்க, மீன் விலை விசாரிக்க, பிள்ளைகளின் பள்ளிப் பாடத்தைப் பெற என்று எல்லாவற்றுக்கும் போன்தான். தந்தை வலையை வைத்துவிட்டு ஓய்வெடுக்கும் நேரத்தில் அதே போன் பிள்ளையின் கைக்குப் போகிறது. அப்போதுதான் வீட்டில் விவாதம் தொடங்குகிறது: வீடியோ கேம் கூடுமா? இசை கேட்கலாமா?

இசை பற்றிய விவாதம் பழையது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பாலான அறிஞர்கள் இசைக் கருவிகளைத் தடுத்துள்ளனர். இப்னு ஹஸ்ம் போன்ற சிலர் அனுமதித்துள்ளனர். நாகூர் ஹனீபாவின் பாடல்களை விரும்பிக் கேட்கும் குடும்பங்களும், தஃப் தவிர எதுவும் வேண்டாம் என்னும் குடும்பங்களும் நம் ஊர்களில் அருகருகே வாழ்கின்றன. அதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவோம்.

ஆனால் எந்தத் தரப்பும் மறுக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. சூதாட்டம் ஹராம். பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதும் தடுக்கப்பட்டது. இந்த இரண்டும்தான் போன் வழியாக நம் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நுழைகின்றன.

பணம் போகும் வழி

மீனவர் நிவாரணமும் மகளிர் உரிமைத் தொகையும் வங்கிக் கணக்குக்கு வருகின்றன. அந்தக் கணக்கு போனோடு இணைந்திருக்கிறது. பணம் கட்டி ஆடும் ரம்மி முதலிய விளையாட்டுகளால் பல குடும்பங்கள் கடனில் மூழ்கிய பிறகு, தமிழக அரசு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் வந்த விதிமுறைகள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பணம் கட்டி ஆடத் தடை விதித்தன. ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கின. நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்றன. இது தனியுரிமைக்கு எதிரானது என்று விளையாட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. தனியுரிமைக்கும் நியாயமான வரம்பு உண்டு என்று கூறி, 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறைகளை உறுதிசெய்தது. அதே ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது.

சட்டம் வந்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து இயங்கும் செயலிகள் தொடர்ந்து முளைக்கின்றன. 'இலவசம்' என்று சொல்லும் துப்பாக்கிச் சண்டை கேம்களிலும், காசு கொடுத்து வாங்கிய டைமண்டைச் செலவழித்துச் சக்கரத்தைச் சுழற்றி, என்ன கிடைக்கும் என்று தெரியாமலே பரிசுக்குக் காத்திருக்கும் பகுதி இருக்கிறது. விதியை நம்பிப் பணம் போடும் இந்தப் பழக்கம்தான் சூதின் முதல் படி. இதுபோன்ற பரிசுப் பெட்டிகள் சிலவற்றை பெல்ஜியம் 2018-லேயே சூதாட்டம் என்று அறிவித்தது.

ரகசியம் போகும் வழி

தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலியைக் கோடிக்கணக்கானோர் பதிவிறக்கியிருந்தார்கள். அதைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற நிறுவனத்துக்குச் செல்வதாகவும், அந்த நிறுவனத்திடம் தகவல் வாங்குவோரில் அமெரிக்க ராணுவ ஒப்பந்த நிறுவனங்களும் உண்டு என்றும் 2020 நவம்பரில் மதர்போர்டு செய்தித்தளம் வெளியிட்டது. தாங்கள் ராணுவத்துக்கு விற்கவில்லை என்று மறுத்த முஸ்லிம் புரோ, எக்ஸ்-மோடுடனான தொடர்பை முறித்துக்கொண்டது. தொழுகைச் செயலியிலேயே இப்படி என்றால், பிள்ளை ஆடும் கேமில் எவ்வளவு கவனம் தேவை!

ஸலாம் சொல்லி அனுமதி பெறாமல் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று சூரா அந்நூர் கற்றுத்தருகிறது. செயலிகளும் அனுமதி கேட்கவே செய்கின்றன. நாம்தான் படிக்காமல் 'அலோ' என்பதை அழுத்திவிடுகிறோம். கடல் நிலவரம் சொல்லும் செயலி இருப்பிடம் கேட்பதில் காரணம் இருக்கிறது. படகு எங்கே என்று தெரிந்தால்தான் அங்குள்ள அலையைச் சொல்ல முடியும். கார் ஓட்டும் கேமுக்கு நம் இருப்பிடமும் தொடர்பு எண்களும் மைக்கும் எதற்கு?

2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயதுக்குக் குறைந்தவர்களின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். பிள்ளைகளைக் கண்காணித்து அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் தடை உண்டு. 2025 நவம்பரில்தான் இதன் விதிகள் வந்தன. நிறுவனங்களுக்கு அவகாசமும் தரப்பட்டிருக்கிறது. அதுவரை காவல் நம் கையில்தான்.

வீட்டில் செய்ய வேண்டியவை

- போன் செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் கொடுத்த அனுமதியைப் பார்த்து, தேவையில்லாததை நீக்குங்கள்.
- யுபிஐ ரகசிய எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.
- பிள்ளை ஆடும் கேமை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். யாரோடு பேசுகிறான், எதற்குக் காசு கேட்கிறது என்பது அப்போதுதான் புரியும்.
- பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தவறு நடந்தால் பிள்ளை முதலில் நம்மிடம் வந்து சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும். அடிக்குப் பயந்து மறைக்கும் பிள்ளை, இழந்ததை மீட்க இன்னும் பணம் போடும். மிரட்டுபவன் கேட்கும் படத்தையும் அனுப்பிவிடும். பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். போனைப் பூட்டுவதோடு, அவர்கள் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்கும்.