மஞ்சள் விளக்கு

எங்கள் காரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒரு மாதமாக எரிந்தது. "வண்டிதான் ஓடுதே!" என்றார் இவர். நானும் விட்டுவிட்டேன். மாதக் கணக்கு எழுதும்போதுதான் சுருக்கென்றது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய வண்டி 12-க்கு இறங்கியிருந்தது!

"ஆக்ஸிஜன் சென்சார் போயிருக்கும்மா, ரெண்டையும் மாத்திடலாம்" என்றார் மெக்கானிக். அது புகைக்குழாயில் திருகியிருக்கும் சின்னச் சாமான். புகையில் மிஞ்சும் பிராணவாயுவை அளந்து சொல்லும். அதை வைத்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். நாம் குழம்பில் உப்புப் பார்ப்பதில்லையா, அப்படி. நாக்கு மரத்துப்போனால் பெட்ரோல் வீணாகக் கொட்டும். கவனிக்காமல் விட்டால் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வர்ட்டரும் கெடும். அதன் விலையோ பல மடங்கு!

இருந்தாலும் நான் லேசில் விடவில்லை. கன்வர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று; இரண்டுமா கெட்டிருக்கும்? எலி வயரைக் கடித்திருந்தால்கூட இதே விளக்கு எரியுமே! கருவியை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். வயர் நன்றாக இருந்தது. முன்னது மட்டுமே பழுது.

இன்ஜின் ஆறட்டும் என்று காத்திருந்து, துருவுக்கு எண்ணெய் விட்டுக் கழற்றினார். புதியதன் முனையில் கை படாமல் மாட்டினார். பழையதைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடிப்பிடித்த பால் சட்டி மாதிரி ஒரே கரி!