கப்பலுக்குள் ஒரு குளம்

கப்பலுக்குள் கடல்நீர் புகுந்தால் ஆபத்து என்றுதான் நினைப்பீர்கள். வேண்டுமென்றே நீரை உள்ளே விடும் கப்பல்களும் உண்டு. துறைமுகம் இல்லாத கரையில் படையை இறக்கும் போர்க்கப்பல்களே அவை.

இவற்றின் பின்பகுதியில் பெரிய கூடம் ஒன்று இருக்கும். அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் கப்பலின் பின்புறம் தாழும். கதவைத் திறந்ததும் கூடம் குளமாகிவிடும். உள்ளே நிற்கும் படகுகள், ஏற்றிய வண்டிகளோடு மிதந்து வெளியேறும். பிறகு அழுத்திய காற்றினால் தொட்டி நீரை வெளியே தள்ளினால் கப்பல் பழையபடி உயரும்.

அமெரிக்கக் கடற்படை புதிய வகைக் கப்பலை வடிவமைத்தபோது இந்தக் குளத்தையே நீக்கிவிட்டது. 2014-இல் பணியில் சேர்ந்த அந்த முதற் கப்பலின் பெயர் 'அமெரிக்கா'. நீளம் 257 மீட்டர். மிச்சமான இடம் விமானக் கொட்டகைக்கும் எரிபொருளுக்கும் போயிற்று. படகில் போவதைவிடப் பறந்து போவது விரைவல்லவா?

விரைவுதான்; ஆனால் எடையைப் பார்க்க வேண்டாமா? மரைன் படையின் மிகப் பெரிய ஹெலிகாப்டர் தூக்கக்கூடியது ஏறக்குறைய 16 டன். டாங்கியோ 60 டன்னுக்கு மேல்! (அப்படை 2020 முதல் டாங்கிகளையே கைவிடத் தொடங்கியது வேறு கதை.) மற்றக் கனரக வண்டிகளுக்கும் படகுதான் வழி.

2020-இல் சேர்ந்த 'டிரிப்போலி'யிலும் குளம் இல்லை. 2023-இல் மிசிசிப்பி மாநிலத்தில் நீரில் இறக்கப்பட்ட மூன்றாவது கப்பல் 'பூகன்வில்'லில் அது திரும்பி வந்துவிட்டது. அதற்காக விமானக் கொட்டகை சுருங்கியது. ஈடாக, மேல்தளத்துக் கட்டடத்தைச் சிறிதாக்கி விமானங்கள் நிற்க இடம் தேடினார்கள்.