அறுபதுக்குப் பின் அரைமணி நேர ஓட்டம்

ஐம்பத்தைந்து, அறுபது வயதில் ஓடத் தொடங்குகிறவர்களில் பலரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்று நிமிடம் ஓட முடிகிறது. நான்காவது நிமிடத்தில் நெஞ்சு படபடக்கிறது, வாய் வறள்கிறது, கால் தானாக நடைக்கு இறங்கிவிடுகிறது. 'வயசாச்சு, இதுக்கு மேல முடியாதுங்க' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த நான்காவது நிமிடத்தில் அவர்களை நிறுத்துவது பெரும்பாலும் வயது அல்ல, வேகம்.

வயது ஏற ஏற இதயத் துடிப்பின் உச்சம் இறங்கிக்கொண்டே வரும். 220-லிருந்து வயதைக் கழிக்கும் பழைய தோராயக் கணக்குப்படி, 30 வயதில் நிமிடத்துக்கு 190 வரை போகும் துடிப்பு, 60 வயதில் 160-தான். உடம்புக்கோ இளவயதில் ஓடிய வேகம்தான் நினைவிருக்கிறது. அதே வேகத்தில் கிளம்பினால் சில நிமிடங்களிலேயே உச்சத்தை நெருங்கிவிடுவோம். ஆனால் வயது எல்லாவற்றையும் ஒன்றாகப் பறித்துக்கொண்டு போவதில்லை. விரைந்து இயங்கும் தசை இழைகள்தான் முதலில் மெலிகின்றன. நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் இழைகள் அவ்வளவு சீக்கிரம் கைவிடுவதில்லை. அறுபதில் நூறு மீட்டர் பந்தயம் கடினம். நிற்காமல் அரைமணி நேரம் ஓடுவது நம்மில் பலருக்கும் எட்டக்கூடியதுதான்.

ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் கூடுதல். கை வீசி நடப்பவர் நம்மை முந்திப் போனாலும் போகட்டும். சுற்றியிருப்பவர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தால் வேகத்தைக் கூட்டி, அதனாலேயே ஓட்டத்தைக் கைவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

அமெரிக்காவின் ஜாஷ் கிளார்க் 1996-இல் உருவாக்கிய 9 வார ஓட்டப் பயிற்சித் திட்டம் உலகம் முழுக்கப் பிரபலம். ஐம்பதுகளில் இருந்த தன் அம்மாவை மனதில் வைத்துத்தான் அதை அவர் எழுதினார். வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி. ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்கிறது. அதற்கு முந்தைய நாள் வரை எட்டு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓடியிருக்க மாட்டோம். இளைஞர்களே மிரளும் நாள் அது. அறுபதைத் தாண்டியவர்கள் இந்த 9 வாரத்தை 18 வாரமாக்கிக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை என்பேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து என்று படிப்படியாக ஏறலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரம் கூடுதலாக நிற்கலாம்.

இந்த நிதானத்துக்கு உடம்புக்குள்ளேயே காரணம் இருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களுக்கும் மாதக்கணக்காகும். ஆகவே 'மூச்சு வாங்கறதே இல்ல' என்று மகிழ்ந்து தூரத்தைக் கூட்டும் நாள்தான் ஆபத்தான நாள். வயதான ஓட்டக்காரர்களுக்கு அடிக்கடி அடிபடுவது கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள நாணும்தான். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் சில அடிகளைக் கவனியுங்கள். குதிகாலுக்கு மேலே விறைப்பாக இருந்து, நடக்க நடக்க விட்டுவிட்டால், அன்றைய தூரத்தைக் குறைத்தால் போதும். நாளுக்கு நாள் விறைப்பு கூடினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வாரத்தில் ஒரே ஒரு ஓட்டத்தை மட்டும் நீட்டுங்கள், மற்றவை இருந்தபடியே இருக்கட்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நிதானத்தின் பலனை உலகுக்குக் காட்டியவர் கனடாவின் எட் விட்லாக். 1931-இல் லண்டனில் பிறந்தவர். இளமையில் ஓடி, பிறகு பல ஆண்டுகள் விட்டுவிட்டு, நாற்பதுகளில் திரும்பி வந்தார். ஒன்டாரியோவின் மில்டன் நகரில் வீட்டுக்கு அருகே இருந்த கல்லறைத் தோட்டம்தான் அவருடைய பயிற்சிக்களம். அதன் சிறிய பாதையைச் சுற்றிச் சுற்றி, குட்டையான அடிகள் வைத்து, மிக மெதுவாக ஓடுவார். நல்ல நாட்களில் மூன்று மணி நேரம் வரை போகும். பயிற்சியாளர் கிடையாது. கிலோமீட்டரை எண்ணமாட்டார், எவ்வளவு நேரம் ஓடினோம் என்பதுதான் கணக்கு. எழுபது வயதில் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் முடிக்க முயன்று, ஒரு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் தவறவிட்டார். 2003-இல், 72 வயதில், 2 மணி 59 நிமிடம் 10 விநாடியில் முடித்தார். எழுபதைக் கடந்த எவரும் அதுவரை செய்யாதது. மறு ஆண்டு 2:54:48. 2016-இல், 85 வயதில், 3:56:34. அடுத்த ஆண்டு மார்ச்சில் காலமானார்.

'முட்டி தேஞ்சிடும்' என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 1984-இல் தொடங்கி, ஐம்பது வயதைக் கடந்த 500-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை இருபது ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். ஓடாதவர்களைவிட ஓடியவர்களுக்கு அன்றாட வேலைகளில் தடங்கல் பல ஆண்டுகள் பிந்தியே வந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் முட்டித் தேய்மானமும் கூடுதலாக இல்லை. ஏற்கெனவே மூட்டு தேய்ந்தவர்கள் மட்டும் எலும்பு மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

தொடங்கும் முன் எல்லோருமே ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பே குறைவாகத்தான் ஏறும், ஆகவே கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பக் கூடாது. இன்சுலினோ கிளைமிபிரைடு மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீண்ட ஓட்டத்தில் சர்க்கரை இறங்கலாம். சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு உதவிக்குக் கூப்பிடுங்கள்.

நம் கடலோர ஊர்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை காயாது, உடம்பு குளிராது, அதே வேகத்துக்கே துடிப்பு கூடிக்கொண்டு போகும். மே மாதத்தில் இருபது நிமிடத்தோடு திணறியவர், மார்கழிக் காலையில் அரைமணி நேரத்தைச் சுலபமாக எட்டிவிடலாம். கோடையில் தூரத்தைக் கூட்ட முயலாமல், இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டாலே போதும்.

ஓடாத நாட்களில் கெண்டைக்காலுக்கும் குதிகால் நாணுக்கும் ஒரு பயிற்சி. வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்பாதம் மட்டும் படியில் இருக்க, இரண்டு குதிகால்களையும் மெல்ல உயர்த்தி, அதைவிட மெதுவாகப் படிமட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். பதினைந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி பதினைந்து. சில வாரங்களில் இது சுலபமாகிவிட்டால், ஒற்றைக் காலில் செய்து பாருங்கள். ஒரு கால் மற்றதைவிடச் சீக்கிரம் தளர்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும். தளரும் காலுக்கு ஐந்து முறை கூடுதலாகக் கொடுங்கள்.