பாறை ஏற வெளிநாடு போறீங்களா? கைடு புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்!

நம்ம ஊரில் 'கைடு' என்றாலே கோனார் உரைதான் ஞாபகத்துக்கு வரும். அண்ணன் படித்த பழைய கைடை வைத்தே பரீட்சையைச் சமாளித்தவர்கள் நிறைய பேர். பாறையேற்றத்துக்கான கைடு புத்தகம் அப்படி இல்லை. அதில் பழைய பதிப்பை நம்பினால் போவது மார்க் அல்ல, உயிர்.

அம்பத்தூர், ஆவடி பக்கம் பாறை ஏற ஆசை வந்தால் ஊர் தாண்டித்தான் போகணும். பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்தால் ராமநகரா ('ஷோலே' எடுத்த அதே பாறைகள்), இன்னும் தள்ளிப் போனால் பாதாமி. அதற்கு அடுத்து வெளிநாடு என்றால், சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரபலமான இடம் தாய்லாந்தின் ராய்லே. கிராபி பக்கத்தில் கடலை ஒட்டி நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள். சாலை கிடையாது, படகில்தான் போக முடியும்.

பதிப்பு ஆண்டு ஏன் முக்கியம்?

இந்த மாதிரி இடங்களில் ஏறுபவர்கள் தங்கள் கயிற்றைப் பாறையில் பதித்திருக்கும் போல்ட்டுகளில் மாட்டிக்கொண்டே மேலே போவார்கள். கை நழுவினால் தாங்கப்போவது அந்த போல்ட்தான். ராய்லேயில் ஆரம்பத்தில் அடித்தவற்றில் பெரும்பாலானவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துருப்பிடிக்காத எஃகுதானே, பயமென்ன என்று தோன்றும். ஆனால் வெப்பமும் கடல் உப்பும் சேரும் இடத்தில் அந்த உலோகத்துக்குள் நுண்ணிய விரிசல்கள் ஓடுகின்றன. வெளியே பெரிதாகத் துரு தெரியாமலேயே, சில ஆண்டுகளில் உள்ளுக்குள் பலவீனமாகி, ஆளின் எடைக்கே உடைந்துபோகலாம். அதனால்தான் அங்கே 'தாய்டேனியம் புராஜெக்ட்' என்ற முயற்சியில் பாதை பாதையாக டைட்டானியம் போல்ட்டுகளைப் பசை வைத்துப் பதித்து மாற்றினார்கள்.

எந்தப் பாதையில் மாற்றியாச்சு, எதில் இன்னும் பழசு இருக்கு? இதைப் பழைய புத்தகம் சொல்லாது. எனவே அட்டைப்படத்தையும் ஆன்லைன் நட்சத்திரங்களையும் பார்ப்பதற்கு முன் அச்சான ஆண்டைப் பாருங்கள். எழுதியவர் அங்கேயே தங்கிப் பாதை போடுகிறவரா, வந்து போன பயணியா என்பதையும் பாருங்கள். வாட்ஸ்அப், டெலிகிராமில் சுற்றும் 'ஃப்ரீ' பிடிஎஃப்களில் பல எந்த வருடத்துப் பதிப்பு என்றே தெரியாது. இன்னொன்று, பல நாடுகளில் கைடு விற்ற பணத்தில் ஒரு பங்குதான் புது போல்ட் வாங்கப் போகிறது. ஓசியில் படித்தால் நஷ்டம் நமக்கும்தான்.

'6a' என்றால் எவ்வளவு கஷ்டம்?

அது நாட்டைப் பொறுத்தது. ராய்லேயில் பிரெஞ்சு கிரேடு முறை. அதில் 6a என்பது கொஞ்சம் பழகியவர்கள் ஏறக்கூடிய பாதை. அமெரிக்கப் புத்தகத்தில் இதே கஷ்டம் ஏறக்குறைய 5.10a, ஆஸ்திரேலியாவில் 18. இதுவரை குழப்பமில்லை. ஆனால் பிரிட்டன் புத்தகத்திலும் 6a என்ற குறியீடு உண்டு, அது பிரெஞ்சு 6a-வை விட ரொம்பவே கடினம். கயிறில்லாமல் குட்டைப் பாறைகளில் ஏறும் போல்டரிங்கில் வரும் 6A வேறு. முன்பக்கங்களில் கிரேடு ஒப்பீட்டு அட்டவணை இல்லாத புத்தகத்தை நான் வாங்க மாட்டேன்.

பாதையின் நீளத்தையும் பாருங்கள். 35 மீட்டர் பாதையில் ஏறி, அதே கயிற்றில் கீழே இறங்க 70 மீட்டர் வேண்டும். 60 மீட்டர் கயிறோடு போனால், இறக்கிக்கொண்டிருக்கும்போதே அதன் நுனி கீழே பிடித்திருப்பவரின் கையை விட்டு நழுவிவிடும். மேலே இருப்பவர் விழுவார். கயிற்று நுனியில் ஒரு முடிச்சு போட்டால் தடுக்கக்கூடிய விபத்துதான் இது. நல்ல கைடு ஒவ்வொரு பாதைக்கும் நீளத்தை அச்சிட்டிருக்கும். ராய்லே என்றால் கடல் ஏற்ற இறக்கமும் இருக்கணும். சில பாறைகளின் அடிவாரத்துக்கு நீர் வடிந்தால்தான் நடந்து போக முடியும்.

நாங்க ட்ரெக்கிங் மட்டும்தான்...

அப்போதும் ஆண்டு முக்கியம். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் நேபாளத்தின் லாங்டாங் கிராமம் பனி, பாறைச் சரிவில் புதைந்தது. அதற்கு முந்தைய புத்தகங்கள் சொல்லும் விடுதிகள் அங்கே இல்லை. வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் மலைப்பாதைகளில் போகக் கூடாது என்ற நேபாள விதி வந்ததும் 2023 ஏப்ரலில்தான்.

எங்கே வாங்குவது?

நம்ம ஊர் கடைகளில் பொதுவான சுற்றுலா கைடுகள்தான் அதிகம். அவற்றில் பாறையேற்றத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினாலே பெரிய விஷயம். ராய்லே மாதிரி இடங்களில் பாறையேற்றக் கடைகளே கைடு விற்கின்றன. போய் இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போதே, "இது அச்சான பிறகு எந்தப் பாதையெல்லாம் மாறியிருக்கு?" என்று கேட்டு, பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.