கூர்மதிக் குழந்தைகளும் கிராமத்தின் கடமையும்

கிராம வளர்ச்சி என்றவுடன் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம், பாசனக் கால்வாய் ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. இவை யாவும் இன்றியமையாதவை. இவற்றிற்குக் கணக்கும் உண்டு. ஏரிக்கரை உடைந்தால் எத்தனை ஏக்கர் நிலம் பாழாயிற்று என்பதை அளந்து சொல்லிவிடலாம். ஆனால், கூர்மதி படைத்த ஒரு குழந்தை எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டால், ஊர் இழந்தது இன்னதென்று எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் வராத இந்த இழப்பைத் தடுப்பதும் வளர்ச்சிப் பணியே ஆகும்.

இனங்காணுதல்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். உண்மைதான், ஆயின், வயலில் இறங்கிக் குனிந்து பார்ப்பவனுக்கே அது தெரியும். வட்டார அலுவல் நிமித்தம் ஊர் ஊராகச் செல்லும் எங்களிடம், "இவன் நன்றாகப் படிக்கிற பிள்ளை" என்று பெரியோர்கள் சுட்டிக் காட்டுவது பெரும்பாலும் அடக்கமாக அமர்ந்து, பாடத்தை ஒப்பிக்கும் குழந்தையையே. அக்குழந்தை பாராட்டிற்கு உரியதே. ஆனால், கூர்மதி எப்பொழுதும் அடக்கத்தோடு வருவதில்லை.

ஒருமுறை சொன்னதை மறுமுறை கேட்காமல் பற்றிக்கொள்ளுதல், ஓயாமல் 'ஏன்', 'எப்படி' என வினவுதல், பிடித்த வேலையில் பசியையும் மறந்து ஆழ்தல், தன் வயதினரை விட மூத்தோரிடம் உரையாட விரும்புதல், பழைய செய்தியையும் புதிய செய்தியையும் தானாகவே இணைத்துப் பார்த்தல் ஆகியவை இத்தகைய குழந்தைகளிடம் காணப்படும் அறிகுறிகள். தெரிந்ததையே மீண்டும் மீண்டும் கேட்க நேர்ந்தால் இவர்கள் சலிப்படைவர். சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பர். சில வேளைகளில் குறும்பும் செய்வர். 'வாயாடி', 'அடங்காதவன்' என்று பெயர் வாங்கிய குழந்தைகளுள் கூர்மதியாளரும் இருத்தல் கூடும். அன்றியும், கண் பார்வையோ செவிப்புலனோ குறைந்த குழந்தையை மந்தபுத்தி என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஒரு மூக்குக் கண்ணாடியால் தீரும் குறை ஒரு வாழ்க்கையையே மறைத்துவிடலாகாது.

தேர்வு ஒன்றையே நம்பலாமா?

அமெரிக்க நாட்டின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லூயிஸ் டெர்மன், 1921ஆம் ஆண்டு தொடங்கி, அறிவுத்திறன் தேர்வுகளின் வாயிலாகச் சுமார் 1,500 சிறுவர் சிறுமியரைத் தெரிந்தெடுத்து, அவர்களுடைய வாழ்க்கையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவர்களுட் பலர் வாழ்வில் நல்ல நிலையை எய்தினர். ஆயினும் நோபல் பரிசு பெற்றவர் அவர்களுள் எவருமிலர். மாறாக, தேர்வில் போதிய மதிப்பெண் பெறாமையால் அப்பட்டியலில் சேர்க்கப்படாத இருவர், வில்லியம் ஷாக்லி 1956ஆம் ஆண்டிலும், லூயிஸ் ஆல்வரெஸ் 1968ஆம் ஆண்டிலும் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்.

இதனால் தேர்வுகள் பயனற்றவை என்று கொள்ள வேண்டுவதில்லை. கிடைத்த மதிப்பெண் ஒரு செய்தி. கிடைக்காத மதிப்பெண் முடிந்த தீர்ப்பன்று. ஜோசப் ரென்சுல்லி என்னும் கல்வியறிஞர் 1978ஆம் ஆண்டில் விளக்கியவாறு, சராசரிக்கு மேற்பட்ட திறமை, எடுத்த செயலில் விடாப்பிடியான ஈடுபாடு, புதுமை நாட்டம் ஆகிய மூன்றும் கூடும் இடத்திலேயே பெருஞ்செயல் பிறக்கிறது. முதலாவது பெரிதும் இயல்பாய் அமைவது. மற்ற இரண்டும் வீட்டாலும் பள்ளியாலும் ஊராலும் வளர்வன, அவற்றாலேயே கருகுவன.

கணித மேதையின் வாழ்வு காட்டும் பாடம்

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1887ஆம் ஆண்டு ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், ஜவுளிக் கடைக் கணக்கர் ஒருவரின் மகன். அவர் வீட்டில் தங்கிப் படித்த கல்லூரி மாணவர்கள் தாம் அறிந்த கணக்குகளைச் சிறுவனுக்குக் கற்பித்தனர். நண்பரொருவர் கல்லூரி நூலகத்திலிருந்து வாங்கித் தந்த கணித நூல், 1903ஆம் ஆண்டில், அவருடைய அறிவிற்கு வழி திறந்தது. உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர், சுமார் 1,200 மாணவரை 35 ஆசிரியரிடையே பங்கிட்டு அமைக்கும் பணியையே அவரிடம் ஒப்படைத்தார். உதவியவர்கள் யாவரும் சாதாரண மனிதர்களே.

பின்னர் நிகழ்ந்ததையும் நோக்குவோம். 1904ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் கல்லூரியில் சேர்ந்த அவர், கணிதத்திலேயே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டதால் உதவித்தொகையை இழந்தார். எப்.ஏ. தேர்வில் தேறவேயில்லை. வேலையின்றி அலைந்த பின், 1912ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராய் அமர்ந்தார். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே அவரை உலகறியச் செய்தது. அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. 1918ஆம் ஆண்டில் இராயல் சொசைட்டியின் உறுப்பினரான அவர், 1920ஆம் ஆண்டில் தமது 32ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு துறையில் மிக்க திறனுடைய குழந்தை மற்றொன்றில் பின்தங்குவது இயல்பு. பின்தங்கிய பாடத்தில் கைகொடுக்க அப்பொழுதே ஒருவர் இருந்திருப்பின், அலைச்சலில் கழிந்த ஆண்டுகள் கணிதத்திற்குக் கிடைத்திருக்கும். ஆதலின், வலிமையை மெச்சுவதோடு நில்லாமல் மெலிவிற்கு முட்டுக் கொடுப்பதும் நம் கடமையாகும்.

வீட்டில் செய்யத்தக்கவை

அறிவு வளர்ப்பு தாயின் கருவிலேயே தொடங்குகிறது. அயோடின் சத்துக் குறைவு சிசுவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரும்புச் சத்துக் குறைவு குழந்தையின் கவனத்தைக் குலைக்கும். அயோடின் கலந்த உப்பும், கீரையும் பயறும் முட்டையும் கல்விச் சாதனங்களே.

குழந்தை கேட்கும் வினாவிற்கு விடை தெரியாவிடில், "வா, தேடிப் பார்ப்போம்" என்று சொல்லுதல் போதும். எழுத்தறியாத தாயும் இதனைச் சொல்லலாம். விருந்தினர் முன் நிறுத்தித் திறமையைக் காட்டச் சொல்லுதல் வேண்டா. "நீ புத்திசாலி" என்று ஓயாது புகழப்பட்ட குழந்தை, தோற்றுவிடுவோமோ என்று அஞ்சிக் கடின முயற்சியையே தவிர்க்கத் தொடங்கும். செய்த முயற்சியைப் பாராட்டுவதே நலம். உடன்பிறந்தாரோடு ஒப்பிட்டுப் பேசுதல் இருவரையும் கெடுக்கும். விளையாட்டும் உறக்கமும் வீட்டு வேலையில் சிறு பங்கும் இக்குழந்தைகளுக்கும் வேண்டும். அறிவு முந்தினாலும் உள்ளம் அதன் வயதிலேயே இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

பள்ளியில்

நாற்றங்காலில் வயது கடந்த நாற்று நடவிற்குப் பின் சரியாகத் தூர் கட்டுவதில்லை என்பதை உழவர் அறிவர். கற்றதையே கற்கும்படி வைக்கப்பட்ட குழந்தையும் அவ்வாறே. இதற்குத் தனிப் பள்ளி தேவையென்பதில்லை. ஈரிரண்டு வகுப்புகள் ஓரறையில் அமரும் சிறிய பள்ளியில், கணக்குப் பாடத்திற்கு மட்டும் அக்குழந்தையை மேல்வகுப்புப் பிள்ளைகளுடன் அமர்த்தலாம். விரைந்து முடித்தவனுக்கு அதே கணக்கில் பத்துக் கொடுப்பது தண்டனையாகும். வேறுவகைக் கணக்கு ஒன்று கொடுப்பதே ஊக்கம். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும் வாய்ப்பையும் அளவோடு அளிக்கலாம்.

உதவித் திட்டங்கள்

மத்திய அரசு 2008ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் திட்டத்தின்கீழ், அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 8ஆம் வகுப்பு மாணவர் தேர்வெழுதலாம். தேர்ந்தெடுக்கப்படுவோர்க்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டிற்கு 12,000 ரூபாய் அளிக்கப்படுகிறது. தமிழக அரசின் ஊரகத் திறனாய்வுத் தேர்வு 9ஆம் வகுப்பிற் பயிலும் கிராமப்புற மாணவர்க்கென்றே அமைந்தது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மருத்துவக் கல்வியில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்கல்விகளில் 2021ஆம் ஆண்டிலும் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு அளிக்கப்பட்டது.

வாய்ப்பு உள்ளதை அறியாமையும், வருமானச் சான்றிதழோ வங்கிக் கணக்கோ உரிய நாளில் இல்லாமையும் குழந்தைகளுக்குத் தடையாகின்றன. இவை ஊர்ப் பெரியோர் ஒரு வாரத்தில் தீர்த்து வைக்கக்கூடிய தடைகள். தேர்வு அறிவிப்பிற்கு முன்னரே பள்ளி மேலாண்மைக் குழு தகுதியுடையோர் பட்டியலை எழுதி, சான்றிதழ்களைப் பெற்று வைத்தல் வேண்டும். 2006ஆம் ஆண்டு தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் கட்டப்பட்டன. பூட்டிக் கிடப்பது உங்கள் ஊரில் இருப்பின், மாலையில் இரண்டு மணி நேரமேனும் அதனைத் திறந்து வைக்க ஊராட்சி முன்வர வேண்டும்.

பெண் குழந்தைகள்

முடிவாக ஒன்று. கூர்மதி ஆண், பெண் என்று பார்த்து அமைவதில்லை. ஆனால், உயர்நிலைப் பள்ளி தொலைவில் இருப்பின் முதலில் நிறுத்தப்படுவது மகளின் படிப்பே. தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் ஆடு மேய்க்கவும் நின்றுவிட்ட சிறுமிகளுள் எத்தகைய அறிவு அடங்கிப் போயிற்று என்பதை யாரே அளக்க வல்லார்? பேருந்து நேரத்தை மாற்றக் கேட்பதும், நான்கு சிறுமியரை ஒன்றாய் அனுப்ப நான்கு தாய்மாரைச் சம்மதிக்கச் செய்வதும் மாதர் குழுக்களால் ஆகாத செயல்களல்ல.

அடுத்த கிராம சபையில் சாலையையும் குடிநீரையும் பேசி முடித்தபின், நம் ஊரில் இவ்வாண்டு படிப்பை நிறுத்திய குழந்தைகள் யார், ஏன் என்ற வினாவையும் எழுப்புவோமாக. விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டு, அடுத்த சபை கூடுவதற்குள் அக்குழந்தைகளின் வீட்டுப் படியேறுவோமாக.