நடை தளரும் புரவி

குதிரையின் பெருமை அதன் கால்களிலே தங்கியிருக்கின்றது. நேற்று வரை தடைகளைத் தாவிக் கடந்த புரவி ஒன்று, இன்று பின்னங்கால்கள் பின்னத் தள்ளாடி நடக்கின்றது. நாளை எழுந்து நிற்க மாட்டாது வீழ்ந்து கிடக்கின்றது. எலும்பு முறியவில்லை, தசையிலும் காயம் இல்லை. அவ்வாறாயின் அதன் நடையைக் கவர்ந்தது யாது? குதிரை வளர்ப்போரைக் கலங்கச் செய்யும் இவ்வினாவிற்கு விஞ்ஞானம் கண்ட விடையை நாம் இங்கு நோக்குவோம்.

இந்நோய்க்குக் காரணம், ‘குதிரை ஹேர்ப்பீஸ் வைரசு 1’ எனப்படும் நுண்கிருமியாகும். நம் இல்லங்களிற் குழந்தைகளைப் பீடிக்கும் கொப்புளிப்பானின் வைரசும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆயினும், குதிரையின் வைரசு மனிதரைத் தொற்றுவதில்லை. பெரும்பாலான குதிரைகளில் அது சில நாட் காய்ச்சலையும் மூக்கொழுகலையும் தந்து அடங்கிவிடும். சினையுற்றவற்றிற் கருச்சிதைவை உண்டாக்குவதும் உண்டு. ஒரு சிலவற்றிலேயே நரம்பு மண்டலம் கெடுகின்றது.

வைரசு நேரே நரம்பைத் தாக்குகின்றது என்றே எவரும் எண்ணுவர். ஆனால், நிகழ்வது பெரும்பாலும் அதுவன்று. மூச்சோடு உட்புகும் வைரசு, முதலில் மூக்கினதும் தொண்டையினதும் உட்சவ்விலே பெருகுகின்றது. பின்னர் நிணநீர்க் கணுக்களை அடைந்து, வெண்குருதிக் கலங்களுக்குள் ஒளிந்துகொள்கின்றது. உடலைக் காக்க வேண்டிய அக்கலங்களே பகைவனைச் சுமந்து செல்லும் வாகனங்களாகிவிடுகின்றன. இவ்வாறு முண்ணாணையும் மூளையையும் சென்றடையும் வைரசு, அவற்றுக்கு இரத்தம் கொணரும் நுண்ணிய குழாய்களின் உட்சுவரைப் பற்றுகின்றது. சுவர் அழற்சியுற, இரத்தம் ஆங்காங்கே உறைகின்றது. சில இடங்களிற் கசிகின்றது. ஒட்சிசன் கிடையாமையால் அயலிலுள்ள நரம்பிழையம் மடிகின்றது. வாய்க்கால் அடைபட்டால் வயல் வாடுவதை ஒத்தது இது. பயிரைப் பூச்சி அரிக்கவில்லை. நீர் வரும் வழியே கெட்டுவிட்டது.

இதன் விளைவாகப் பின்னங்கால்கள் தளர்கின்றன; வால் துவள்கின்றது; சிறுநீர்ப்பை வலுவிழக்கச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வடிகின்றது. நிற்க வல்ல குதிரைகள் பல நாளடைவில் தேறிவிடுவதுண்டு. படுத்துவிட்ட குதிரை பிழைப்பது அரிது. இன்னுமொரு வஞ்சனையும் இந்நோயில் உண்டு. காய்ச்சல் தணிந்து, ‘இனிப் பயமில்லை’ என்று உடையவர் நிம்மதி கொள்ளும் வேளையிலேதான் தள்ளாட்டம் பெரும்பாலும் தலைகாட்டுகின்றது.

பல இடத்துக் குதிரைகள் ஒருங்கு கூடும் போட்டிக் களங்களே இவ்வைரசுக்கு வாய்ப்பான இடங்கள். 2011ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஒக்டன் நகரிலே நடந்த போட்டி ஒன்றில் 400க்கு மேற்பட்ட குதிரைகள் கலந்துகொண்டன. அவை வீடு திரும்பியபோது நோயும் உடன் சென்றது. 10 மாநிலங்களில் 90 குதிரைகளுக்குத் தொற்று உறுதியாயிற்று; 13 குதிரைகள் மாண்டன, அல்லது வேதனை தீரக் கொல்லப்பட்டன. 2021 பெப்ரவரியில் ஸ்பெயின் நாட்டின் வலென்சியா நகரிலே, தடை தாண்டும் போட்டிகளுக்கென 700க்கு மேற்பட்ட குதிரைகள் கூடியிருந்த களத்திலும் இதுவே நிகழ்ந்தது. தொற்று ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் பரவ, 18 குதிரைகள் உயிரிழந்தன. பல நாடுகளிற் போட்டிகள் நிறுத்தப்பட்டன.

நோய் எங்கிருந்து வந்தது என்று தேடினால், முற்றிலும் நலமாகத் தோன்றும் ஒரு குதிரையிடமே அது தங்கியிருந்திருக்கலாம். ஒரு முறை உட்புகுந்த வைரசு, உடலை விட்டு நீங்குவதில்லை. முகத்து நரம்பு முடிச்சுகளிலும் நிணநீர்க் கலங்களிலும் அது உறங்கிக் கிடக்கின்றது. நெடும் பயணம், இடமாற்றம், களைப்பு முதலியவற்றால் உடல் நலிந்தால், விழித்தெழுகின்றது. சிறு வயதிற் கண்ட கொப்புளிப்பானின் வைரசு, முதுமையில் அக்கியாக வெளிப்படுவதும் இவ்வாறே.

எல்லா வைரசும் ஒரே கொடுமை வாய்ந்தனவுமல்ல. வைரசு தன்னைப் பிரதி செய்யப் பயன்படுத்தும் நொதியத்திலே, ஒரேயோர் அமினோவமிலம் மாறியிருக்கும் வகையே நரம்பு நோயை அதிகமாக விளைவிக்கின்றது என்பதை 2006இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எனினும், மற்றைய வகையும் அதனை விளைவிப்பதுண்டு.

தடுப்பூசிகள் உள்ளன, அவை கிருமி பரவுவதைக் குறைக்க உதவும். ஆனால், நரம்பு நோய் வாராது என்று எத்தடுப்பூசியும் உறுதி தருவதில்லை. எனவே, வெப்பமானியே சிறந்த காவலாளி. நாளொன்றுக்கு இருமுறை உடல் வெப்பத்தை அளத்தல், அது 38.5 பாகைக்கு மேல் ஏறினால் உடனே அக்குதிரையைப் பிரித்து மிருக வைத்தியரை அழைத்தல், வாளி, சேணம், தூரிகை, பராமரிப்பவரின் கை ஆகியவற்றைத் தூய்மையாக வைத்தல் ஆகியனவே காக்கும் வழிகள்.

இவை செலவு மிகுந்தவை அல்ல. ஆயினும் நேர்மையை வேண்டுபவை. பரிசை நாடி வந்தவர், தம் குதிரைக்குக் காய்ச்சல் கண்டதை ஒரு நாள் மறைத்தாலும், அயற் கொட்டிலிலுள்ள குதிரை அதற்கு விலை கொடுக்க நேரும். தன் நோயைத் தானே சொல்ல வாயில்லாத உயிர் குதிரை. அதற்காக அதன் உடையவரே காலந் தாழ்த்தாது பேசுதல் வேண்டும்.